கல்லூரியில் கணினிப் பயிற்சி: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கணினி ஆய்வக உதவியாளர், தென் மாவட்டக் கல்லூரி

வணக்கம். 14 வருடமாக ஆய்வகத்தில் வேலை. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும், முதல்வர் அறை டிவியில் படம் வராவிட்டாலும் கூப்பிடுவது என்னைத்தான். போன வாரம் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

வணிகவியல் துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர். ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம். அக மதிப்பெண்களை இரவெல்லாம் எக்செலில் அடித்து, சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து, காலையில் தேர்வுப் பிரிவின் தளத்தில் ஏற்றியிருக்கிறார். தளம் வாங்கவில்லை. 58 மாணவர்களுக்கும் ஒரே பதிவெண் என்கிறது. நேராக ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். “தம்பி, நம்பருக்கு நடுவுல ஒரு ஈ உட்கார்ந்திருக்கு, கொஞ்சம் விரட்டுங்க” என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஈயேதான், ஆங்கில எழுத்து ஈ. 9.1ஈ+11 என்று ஒரே மாதிரி 58 வரி. எங்கள் பதிவெண் 12 இலக்கம். 11 இலக்கத்தைத் தாண்டினால் எக்செல் அதைச் சுருக்கி இப்படித்தான் காட்டும். கட்டத்துக்குள் முழு எண்ணும் பத்திரமாக இருக்கும். சி.எஸ்.வி.யாகச் சேமிக்கும்போதுதான் வினை, சுருக்கிய வடிவமே கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். நல்லவேளை, மூல எக்செல் கோப்பைத் தனியாக வைத்திருந்தார். பதிவெண் வரிசையை எண் வடிவத்துக்கு மாற்றி, புள்ளிக்குப் பின் இலக்கம் எதுவும் வேண்டாம் என்று கொடுத்துத் திரும்பச் சேமித்தோம். தளம் வாங்கிக்கொண்டது. அடுத்த முறைக்கு, அடிப்பதற்கு முன்பே அந்த வரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். மொத்தம் பத்து நிமிடம். இப்போது அவர் மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது: “முதலில் டெக்ஸ்ட். பிறகுதான் நம்பர்.”

இதே பேராசிரியர் ஜூன் மாதம் இரண்டு நாள் எஃப்.டி.பி. என்ற ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர். கருத்தரங்கக் கூடத்தில் ஏ.சி., இரண்டு வேளை டீ, வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர், ஓடிக்கொண்டே இருந்த ஸ்லைடுகள். கடைசியில் கூகுள் ஃபார்ம் நிரப்பினால் சான்றிதழ் தானாக மின்னஞ்சலில் வரும். அதில் ஒருவர் பெயர் கேட்ட கட்டத்தில் கருத்தை எழுதிவிட்டார். “மிகவும் பயனுள்ளதாக இருந்தது அவர்கள் இப்பயிற்சியில் பங்கேற்றார்” என்று சான்றிதழ் வந்தது. அந்த இரண்டு நாளில் யாரும் தன் சொந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை.

உங்கள் கல்லூரியில் எப்படி?

தமிழ்த்துறை, அரசு உதவி பெறும் கல்லூரி

சார், உங்களுக்கு ஈ. எங்களுக்கு அரைப்புள்ளி.

மூன்று வருடம் முன்பு பருவத் தேர்வுக்கு வினாத்தாள் அனுப்பினேன். பாமினி எழுத்துருவில் அடித்தது, என் மடிக்கணினியில் அச்சுக் கோத்தது போல் இருந்தது. தேர்வுக்கு முந்தின நாள் மாலை போன் வருகிறது. “மேடம், தமிழ்த் தாள் கேட்டோம், நீங்க இங்கிலீஷ்ல ஏதோ அனுப்பியிருக்கீங்க.” ஓடிப்போய்ப் பார்த்தேன். ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ‘பாரதி’ ஜி.எச்.யு.ஜே.பி. ஆகியிருந்தார். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் மேல் தமிழ் உருவத்தை முகமூடி மாதிரி மாட்டிவைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் சொந்த எண் உண்டு, அதனால் இந்தக் கூத்து இல்லை. 2010-லேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை போட்டுவிட்டது. எனக்கு அது வந்து சேர இவ்வளவு காலம் ஆனது.

பயிற்சியெல்லாம் இல்லை. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் பக்கத்தில் நாற்காலி போட்டு, தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினாள். “அ, ம, ம, ஆ அடிங்கம்மா” என்றாள். அடித்தேன். ‘அம்மா’ என்று வந்தது. புள்ளியை நான் வைக்கவே இல்லை! ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். ந-வை அடுத்து த அடித்தாலும் அப்படித்தான். 25 வருடம் இலக்கணம் நடத்தியவள் நான். மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்பது, தெரிந்த விசைப்பலகை ஒன்று 1999-லிருந்து இருக்கிறது என்பதை ஒரு மாணவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விரல் பழக ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் பாமினிக்கே ஓடிவிடலாம் என்று தோன்றாத நாளில்லை.

இளங்கலை முடித்தவன், 2020 சேர்க்கை

மாணவர் தரப்பில் ஒன்று சொல்லலாமா? எல்லாருக்கும் எங்கள் மேல் ஒரு நம்பிக்கை: “பசங்களுக்குச் சொல்லியா தரணும், கையிலயே போன்!” எனக்குக் கணினியே கிடையாது. முதலாண்டு முழுக்கக் கொரோனா ஆன்லைன் வகுப்பு, அப்பா போன்தான். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அரசு தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது, ஆனால் சிக்னலுக்குத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பக்கத்து ஊர் டவரைப் பிடிப்போம்.

முதல் ஒப்படைப்பை 14 பக்கம் கையால் எழுதி, 14 போட்டோ எடுத்து, 14-ஐயும் தனித்தனியாகக் கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றினேன். பாதிப் படம் பக்கவாட்டில் படுத்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கலாம் என்று எனக்குத் தெரியாது, என் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது. ரீல்ஸ் வெட்டி ஒட்டத் தெரியும். ஃபோல்டர் என்றால் என்னவென்று இரண்டாம் ஆண்டில் ஆய்வகம் திறந்த பிறகுதான் விளங்கியது. கேட்கவும் வெட்கம்.

நூலகர், மகளிர் கல்லூரி

தம்பி சொல்வது சரி. மின்னூல்கள், ஆய்விதழ்களுக்காக இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பின் என்-லிஸ்ட் சேவைக் கணக்கு 200 பேருக்கு உருவாக்கி, கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மாதக் கடைசியில் பார்த்தால் உள்ளே வந்தவர் மிகச் சிலர். அப்புறம் ஒரு பெண் சங்க இலக்கிய ஆய்வேடு தேடி வந்தாள். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் எடுத்துக் காட்டினேன். மறுநாள் அவள் தோழிகள் ஆறு பேர் வந்தார்கள்.

உதவிப் பேராசிரியர், வரலாறு

எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் வைத்துத்தான் வேலை. 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கியது, இலவசம், தமிழும் வாசிக்கும். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தால் எனக்குக் கேட்பது இதுதான்: “இதோ இங்க பாருங்க, இதை க்ளிக் பண்ணுங்க, அடுத்து இங்க.” எது, எங்கே? விசைப்பலகையில் எந்தக் கட்டளை? ஒரு முறை கேட்டுவிட்டேன். பயிற்சியாளர் நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவருக்கும் மவுஸ் இல்லாமல் வழி தெரியவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை சுற்றறிக்கை. கணினியில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அது எழுத்தே இல்லை, வெறும் படம். வாசிப்பான் வாயைத் திறக்காது. தேர்வுப் பணி எந்த அறையில் என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்கேனோடு மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பினால் போதும்.

கணினி ஆய்வக உதவியாளர்

சார், எங்கள் கல்லூரிச் சுற்றறிக்கைகளை ஸ்கேன் செய்து அனுப்புவதே நான்தான். உங்கள் பதிவைப் படித்ததும் அலுவலகத்தில் கேட்டேன். கண்காணிப்பாளர், “கையெழுத்து இல்லாத பேப்பர் எப்படிப்பா செல்லும்?” என்றார். செல்லுபடிக்கு ஸ்கேன், படிக்க மூலம், இரண்டும் போகட்டும் என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். அப்படி முதலாவது சுற்றறிக்கை திங்கட்கிழமை போகிறது. இங்கே என்.வி.டி.ஏ. போட்டு நானே ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன்.

தமிழ்த்துறை மேடம், ஒரு சந்தேகம். பாமினியில் பழைய வினாத்தாள்கள் எங்களிடம் ஒரு பீரோ அளவுக்கு இருக்கின்றன. ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறி விழுகிறது. நீங்கள் எதில் மாற்றினீர்கள்?