‘95 வீதம் வெற்றி’ என்று விற்கப்படும் படுக்கை ஈர அலாரங்கள்: இதில் எதை நம்பலாம்?

கேள்வி: கொக்குவில் தாய்

வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது. தரம் மூன்றில் படிக்கிறான். பகலில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் இரவில் பாய் நனையாத வாரம் என்று ஒன்று இன்றுவரை அமையவில்லை. குழந்தைநல வைத்தியர் ஒருவரிடம் காட்டியபோது, சிறுநீரில் கிருமித் தொற்றோ சீனியோ இல்லை, மலச்சிக்கலும் இல்லை என்று உறுதிசெய்த பின்னர், ஈரம் பட்டவுடன் ஒலிக்கும் அலாரம் ஒன்றைப் பாவித்துப் பார்க்கலாம் என்று சொன்னார்.

கனடாவில் இருக்கும் என் அண்ணா அதை வாங்கி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார். எதை வாங்கச் சொல்வது என்பதில்தான் தடுமாறுகிறேன். ஒரு கொம்பனி ‘95 வீதம் வெற்றி’ என்கிறது. இன்னொன்று இரண்டு வாரத்தில் நிரந்தரத் தீர்வு என்கிறது. வேறொன்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எப்.டி.ஏ.யின் அங்கீகாரம் பெற்றது என்று முத்திரை போட்டிருக்கிறது. ‘சிறந்த பத்து அலாரங்கள்’ என்று ஒப்பிட்டு எழுதியிருக்கும் பக்கங்களில் பலவும் ஒரே பொருளையே முதலிடத்தில் வைக்கின்றன. ஆழ்ந்த உறக்கமே ஒரு நோய், அதை இப்போதே மாற்றாவிட்டால் படிப்பும் மனநிலையும் கெட்டுவிடும் என்று அச்சுறுத்தி, அலாரத்தோடு பெருந்தொகைக்கு ஒரு ‘சிகிச்சைத் திட்டத்தையும்’ சேர்த்து விற்கும் விளம்பரம்தான் என்னை மிகவும் கலங்கவைத்தது. மாமியோ, வளர வளரத் தானாகச் சரிவரும், வீண் செலவு வேண்டாம் என்கிறார்.

அண்ணாவோடு தொலைபேசியில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த மகன், “அது வந்தால் நான் பெரியம்மா வீட்டில் இரவு நிற்கலாமா?” என்று கேட்டான். அவனுக்கு உண்மையான பதிலைச் சொல்ல விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர், சாவகச்சேரி

தங்கச்சி, உங்கள் வைத்தியர் சொன்ன ஆலோசனை சரியானது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பவுண்ட்லர் என்ற ஒஸ்திரியக் குழந்தை மருத்துவர், விடுதியில் பிள்ளை நனைத்துவிட்டதைத் தாதியருக்கு அறிவிப்பதற்காக ஒரு மணியை அமைத்தார். அறிவிப்புக்காக வைத்த அந்த மணியே சில பிள்ளைகளின் பழக்கத்தை மாற்றியது பின்னர்தான் கவனத்துக்கு வந்தது. 1938 இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியினர் இதை ஒரு முறையான சிகிச்சையாக எழுதி வெளியிட்டார்கள். ஆகவே அலாரம் பொய்ப் பொருள் அல்ல. மெய்யான ஒரு சிகிச்சையின் மேல் பொய்யான வாக்குறுதிகளை ஏற்றி விற்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கிறது. அடிப்படை மெய்யாக இருப்பதால் மேலே ஏற்றியதையும் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள்.

95 வீதம் என்ற கணக்கைப் பார்ப்போம். பல ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த கொக்ரேன் மீளாய்வு 2005 இல் சொன்னது, அலாரம் பாவிக்கும் காலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் நனையாத நிலையை அடைகிறார்கள் என்பதும், விடாமல் பாவித்தவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேரே அதை நிறுத்திய பின்னரும் அப்படியே இருக்கிறார்கள் என்பதும்தான். 2020 இல் அந்த மீளாய்வைப் புதுப்பித்தவர்கள், அலாரம் உதவக்கூடும் என்றாலும் கிடைக்கும் சான்றுகள் அவ்வளவு வலுவானவை அல்ல என்று குறிப்பிட்டார்கள். அப்படியிருக்க 95 எங்கிருந்து வருகிறது? உதாரணத்துக்கு நூறு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் தூக்கம் கெடுகிறது என்று இடையிலே விட்டுவிடுகிறார்கள். மிஞ்சிய அறுபது பேரில் ஐம்பத்தேழு பேருக்குச் சரிவருகிறது. விட்டுவிட்டவர்களைக் கணக்கில் எடுக்காவிட்டால் அது 95 வீதம். எல்லோரையும் எடுத்தால் 57 வீதம். எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், எவ்வளவு காலம், நிறுத்திய பின் எத்தனை பேருக்குத் திரும்பி வந்தது என்ற விவரங்கள் இல்லாமல் வெறும் வீதத்தை மட்டும் போடும் விளம்பரத்துக்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

இரண்டு வாரம் என்ற வாக்குறுதியும் அப்படித்தான். தொடர்ந்து 14 இரவுகள் நனையாமல் இருப்பதையே மருத்துவத்தில் முதல் வெற்றி என்று கொள்கிறார்கள். அதை அடையவே பொதுவாக இரண்டு, மூன்று மாதங்கள் செல்லும். மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2010 இல் வெளியிட்ட வழிகாட்டி, நான்கு வாரத்தில் முன்னேற்றத்தின் ஆரம்ப அறிகுறிகள் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது. ஈரத்தின் அளவு குறைவது, மணி முன்னிரவில் அல்லாமல் பின்னிரவில் ஒலிப்பது, ஒரே இரவில் பல தடவை ஒலித்தது ஒரு தடவையாவது, பிள்ளை மணிக்கு எழும்பத் தொடங்குவது ஆகியனவே அந்த அறிகுறிகள். ‘30 நாளில் பணம் மீளளிப்பு’ என்று சில கொம்பனிகள் தரும் உறுதிமொழியை இதோடு பொருத்திப் பாருங்கள்: முழுப் பலன் தெரியும் காலம் வருமுன்னரே உறுதிமொழியின் காலம் முடிந்துவிடுகிறது.

அச்சுறுத்தும் விளம்பரத்தை ஒதுக்கிவிடுங்கள். ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பேரளவில், ஏழு வயதில் ஐந்து முதல் பத்துப் பேர்வரை, இரவில் நனைக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அவர்களில் ஏறத்தாழ 15 வீதத்தினர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே விடுபடுகிறார்கள். அந்த அளவில் உங்கள் மாமி சொல்வதில் உண்மை உண்டு. ஒரு வருடம் எதைப் பாவித்தாலும் சிலருக்கு ‘பலித்ததாக’ எழுதிவிடலாம் என்பதும் இதனால்தான். தாய் தந்தையரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 44 வீதம் என்றும், இருவருக்கும் இருந்திருந்தால் 77 வீதம் என்றும் சொல்வார்கள். இது பிள்ளையின் சோம்பலும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. ஆனால் வளர்ந்த பின்னும் நூற்றுக்கு ஓரிருவருக்கு இது நீடிப்பதாலும், எட்டு வயதுப் பிள்ளை தானே விடுபட விரும்புவதாலும், மாமி சொல்வதுபோலச் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் சிறுநீர் உண்டாவதைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் ஆபத்தான மருந்து, அதனால் அலாரம் மட்டுமே வழி என்று சில விற்பனையாளர்கள் எழுதுகிறார்கள். 2007 இல் எப்.டி.ஏ. படுக்கை நனைத்தலுக்குப் பாவிக்க வேண்டாம் என்று தடுத்தது, மூக்கில் தெளிக்கும் வடிவத்தை, மாத்திரையை அல்ல. மாத்திரைக்கும் கவனம் தேவை, இரவில் நீரின் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது உண்மை. அதை வைத்தியர் பார்த்துக்கொள்வார். அலாரம் விற்பவர் தீர்மானிக்க வேண்டிய விடயம் அல்ல.

பதில் 2: மின்னியல் திருத்துநர், திருநெல்வேலி

அக்கா, தாதி அம்மா மருத்துவப் பக்கத்தை விளக்கிவிட்டார். நான் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். உறவினர் ஒருவர் திருத்தித் தரும்படி கொண்டுவந்த அலாரத்தைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளாடையில் பொருத்தும் கவ்வியில் ஒன்றையொன்று தொடாத இரண்டு உலோகத் தொடுகைகள். சிறுநீரில் உப்பு இருப்பதால் அது மின்னைக் கடத்தும். துணி நனைந்ததும் இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். அதை உணர்ந்து மின்சுற்று மணியை ஒலிக்கச் செய்யும். அவ்வளவுதான்.

இதிலிருந்தே சில விளம்பரங்களின் உண்மையைக் கணித்துவிடலாம். ‘சிறுநீர் வருமுன்னரே எழுப்பும்’ என்று ஈர உணரி ஒன்றைப் பற்றி யாரும் எழுதினால் அது நடக்க முடியாத காரியம், ஏனெனில் நனைந்த பின்னர்தான் அதற்குத் தெரியும். ‘பிழையாக ஒலிக்கவே மாட்டாது’ என்பதையும் நம்பாதீர்கள். வியர்வையிலும் உப்பு உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் மின்சாரம் நின்று விசிறியும் ஓடாத இரவில் எங்கள் பிள்ளைகள் எப்படி வியர்ப்பார்கள் என்பது அந்தக் கொம்பனிகளுக்குத் தெரியாது. கவ்வியை உடலோடு ஒட்டாமல், பருத்தி உள்ளாடையின் வெளிப்புறமாகப் பொருத்தினால் இந்தத் தொல்லை குறையும்.

எட்டு வகை ஒலி, நிறம் மாறும் விளக்கு, கைத்தொலைபேசிச் செயலி ஆகியவற்றுக்காக விலை இரட்டிப்பாகிறது. உடலில் அணிவதா, படுக்கையில் விரிக்கும் பாய் வகையா, எது கூடிய பலன் தரும் என்பதற்கே தெளிவான ஆய்வு முடிவு இல்லாதபோது, ஒலியின் எண்ணிக்கை பிள்ளையைக் குணப்படுத்தும் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் வேறு அறையில் படுப்பதானால் கம்பியில்லா வகையால் பயன் உண்டு. ஒரே அறை என்றால் கம்பி வகையே போதும்.

நான் கேட்கச் சொல்வது வேறு ஒன்று. சிறுநீர் பட்டுப் பட்டு அந்தத் தொடுகைகள் கறுத்து அரிக்கும். நான் திறந்த அலாரத்திலும் அதுவே பழுது. மற்றப் பாகமெல்லாம் நன்றாகவே இருந்தன. உணரியை மட்டும் தனியாக வாங்கலாமா, அதன் விலை என்ன, பற்றரி எங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும் வகையா என்பவற்றை அண்ணாவிடம் சொல்லி முன்கூட்டியே விசாரியுங்கள். எந்த விளம்பரமும் இவற்றை முன்னுக்குப் போடாது.

பதில் 3: சட்டத்தரணி, நல்லூர்

முத்திரைகள் பற்றிய கேள்விக்கு என் பதில். அமெரிக்கச் சட்டத்தில் இந்த அலாரம் இரண்டாம் வகுப்பு மருத்துவ உபகரணம். ஆனால் விற்பனைக்கு முன்னர் எப்.டி.ஏ.க்கு விண்ணப்பித்து அனுமதி பெறும் கடப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பெரும்பாலும் நடப்பது, கொம்பனி தன் பெயரையும் பொருளையும் பதிவுசெய்து கட்டணம் செலுத்துவது மட்டுமே. பொருள் பலன் தருமா என்று அங்கே யாரும் சோதித்துப் பார்த்துச் சான்று வழங்குவதில்லை. பதிவு இலக்கம் இருப்பதைக் காட்டி, அரச அங்கீகாரம் கிடைத்தது போன்ற தோற்றத்தை ஏற்படுத்துவதே பிழையான வணிகக் குறியீடு என்று அந்த நாட்டின் ஒழுங்குவிதி வெளிப்படையாகவே சொல்கிறது. ஐரோப்பாவின் சி.ஈ. அடையாளமும், ஆபத்துக் குறைந்த பொருட்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் உற்பத்தியாளர் தாமே செய்யும் பிரகடனம்தான்.

‘சிறந்த பத்து’ பக்கங்களைப் பற்றி உங்களுக்கு எழுந்த ஐயம் நியாயமானது. போலி விமர்சனங்களையும், ஒரு கொம்பனி தானே நடத்தும் விமர்சனத் தளத்தைச் சுயாதீனமானது என்று காட்டிக்கொள்வதையும் தடைசெய்யும் விதியை அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. அது அவ்வாண்டு ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பக்கத்தின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும் உரிமையாளர் விவரத்தையும், இணைப்பை அழுத்தி வாங்கினால் தமக்குத் தரகு கிடைக்கும் என்ற குறிப்பையும் தேடிப் படியுங்கள்.

எங்கள் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம், 31 ஆம் பிரிவுகள், ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான எடுத்துரைப்பையும் வர்த்தகருக்குத் தடைசெய்கின்றன. மருத்துவ உபகரணங்கள் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் கீழ் வருகின்றன. இங்குள்ள முகநூல் விற்பனையாளரிடம் வாங்குவதானால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தின் திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷொட்) சேமித்து வையுங்கள். வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கு இங்கிருந்து நட்டஈடு கேட்பது நடைமுறையில் மிகக் கடினம். அதனால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனைகளை அண்ணா அங்கேயே படித்துவிட வேண்டும். உறை பிரித்த பொருளைச் சுகாதாரக் காரணம் காட்டித் திருப்பி ஏற்காத கொம்பனிகளும் ‘முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும்.

பதில் 4: இரு பிள்ளைகளின் தந்தை, வல்வெட்டித்துறை

சகோதரி, என் மகளுக்கு அலாரம் பாவித்திருக்கிறோம். விளம்பரப் படத்தில் பிள்ளை மணியைக் கேட்டுச் சிரித்தபடி எழுந்து உட்காரும். எங்கள் வீட்டில் மணி அடித்தபோது அவளைத் தவிர எல்லோரும் எழும்பினோம். அவள் கண்ணைத் திறக்காமலே கவ்வியைக் கழற்றி வீசிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருப்பதால், விளக்கைப் போட்டு, முகத்தைக் கழுவி, முற்றத்தைக் கடந்து நடத்திக்கொண்டுபோய், வந்த பின்னர் அவள் கையாலேயே கவ்வியைத் திரும்பப் பூட்டவைப்பதை என் மனைவியும் நானும் முறைவைத்துச் செய்தோம். ஆரம்ப வாரங்களில் வேலை செய்வது பெற்றோர்தான். ‘வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குங்கள்’ என்று எழுதுபவர்கள் இதை மறைக்கிறார்கள்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. பெட்டியில் ‘இரண்டு வாரம்’ என்று அச்சிட்டிருந்ததை அவள் எழுத்துக்கூட்டி வாசித்திருந்தாள். அந்தக் காலம் கடந்ததும், “எனக்கு மட்டும் இது சரிவராதா அப்பா?” என்று கேட்டாள். பொருளை விற்றவர்கள் சொன்ன பொய்யை அந்தப் பிள்ளை தன் குறையாக எடுத்துக்கொண்டது. பெட்டியை எறிந்துவிட்டு, மாதக்கணக்கில் செல்லும் என்று முதலிலிருந்து சொல்லித் தொடங்கினோம். சில மாதங்களில் பாய் நனைவது நின்றது. பின்னர் ஒருமுறை திரும்பி வந்தது. மறுபடியும் அலாரத்தைப் பூட்டினோம், அந்தமுறை விரைவாகவே நின்றது. மகன் பெட்டியைப் பார்க்குமுன் நீங்கள் பாருங்கள்.

கொக்குவில் தாய்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செயலியும் சிகிச்சைத் திட்டமும் இல்லாத, உணரியைத் தனியாக வாங்கக்கூடிய கம்பி வகை ஒன்றை அனுப்பும்படி அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். தாதி அம்மாவிடம் இன்னும் ஒரு கேள்வி: நனையாமல் இருக்கத் தொடங்கியதும் உடனே நிறுத்தலாமா? எந்தக் கட்டத்தில் திரும்ப வைத்தியரிடம் போக வேண்டும்?

ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர், சாவகச்சேரி

உடனே நிறுத்த வேண்டாம். 14 இரவுகள் தொடர்ந்து நனையாமல் இருந்த பின்னர், அலாரத்தைப் பூட்டியபடியே படுக்கப் போகுமுன் கொஞ்சம் கூடுதலாக நீர் கொடுத்துப் பழக்கும் முறை ஒன்று உண்டு. திரும்பி வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. எவ்வளவு நீர் என்பதை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். டெஸ்மோபிரசின் எடுக்கும் பிள்ளைக்கு இதை ஒருபோதும் செய்யக் கூடாது. நான்கு வாரத்தில் நான் சொன்ன அறிகுறி ஒன்றுகூடத் தெரியாவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். பகலிலும் நனைத்தல், சிறுநீர் போகும்போது எரிவு, அடங்காத தாகத்தோடு மெலிவு, பலத்த குறட்டை ஆகியவற்றில் எது கண்டாலும் நாலு வாரம் காத்திருக்காமல் போங்கள். பெரியம்மா வீட்டில் நிற்பதற்கு அலாரம் வரும்வரை மகன் பொறுத்திருக்கத் தேவையில்லை. ஒரு நீர்புகா விரிப்பையும் மாற்றுடுப்பையும் கொடுத்து, பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, இந்த விடுமுறைக்கே அனுப்புங்கள்.