டைரியில் மூன்று முறை எழுதியிருந்தேன், ஒரு முறையும் படிக்கவில்லை

வணக்கம். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன், வயது 44. அரை மாரத்தானுக்குத் தயாராகும்போது பயிற்சிக் குறிப்பு எழுதியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். என்னுடையதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதல் வருடம் ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதினேன், அப்படியும் காலைக் கெடுத்துக்கொண்டேன். மறு வருடமும் எழுதினேன், 21.1 கிலோமீட்டரை முழுசாக ஓடி முடித்தேன். இரண்டு வருடத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் ஓடுவது பெரும்பாலும் அடையவளஞ்சான் தெருக்களில். கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் வந்தால் என் கைக்கடிகாரம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலே காட்டும். விடிகாலை ஐந்து மணிக்குப் பால்காரரும் பூக்கூடை சுமந்து போகிறவர்களும்தான் துணை. மார்கழியில் மட்டும் வாசலுக்கு வாசல் கோலம் இருக்கும், மிதிக்காமல் நடுத்தெருவுக்கு விலகி விலகி ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குக் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிப் பக்கம் போவேன். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலோடு வண்டியில் பின்னாலேயே வருவார்.

முதல் வருடம் எழுதியது நகைக்கடையில் கொடுத்த டைரியில். தேதி, தூரம், நேரம், அப்புறம் மனதில் தோன்றியது ஒரு வரி. தூரத்தைக் கூட்டிப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. மாதக் கடைசியில் சிவப்பு மையில் மொத்தம் போட்டு அடிக்கோடு இழுப்பேன். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், வலது காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வி, "எப்போதிலிருந்து வலி?" நாலைந்து நாளாக என்று சொன்னேன். மனதறிந்து பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்திருந்தேன். டைரி எழுதுவேன் என்று பேச்சுவாக்கில் சொன்னதும், அடுத்த முறை அதைக் கொண்டுவாருங்கள் என்றார். அவர் மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினோம். இவை இருந்தன:

"அக்டோபர் 19. 6 கி.மீ., 44 நிமிடம். வலது கால் முன்னெலும்பில் லேசான பிடிப்பு. ஓட ஓடச் சரியாகிவிட்டது."

"அக்டோபர் 26. 12 கி.மீ. முன்னெலும்பு வலி கடைசி வரை இருந்தது. ஐஸ் வைத்தேன்."

"நவம்பர் 2. 8 கி.மீ. அதே இடம். மாடிப்படி இறங்கும்போதும் தெரிகிறது."

எல்லாம் என் கையெழுத்துதான். ஐஸ் வைத்த ஈரக்கையோடு எழுதியதால் 26-ம் தேதிப் பக்கத்தில் மை கலைந்துகூட இருந்தது. அவர் மூன்று வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார். முதலில் ஓட ஓட மறையும் வலி, அடுத்து ஓட்டம் முழுக்க இருக்கும் வலி, அடுத்து ஓடாதபோதும் இருக்கும் வலி. அதிக உழைப்பால் வரும் காயம் ஏறுகிற படிகள் இவைதானாம். மூன்று படியையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எலும்பில் கீறல் விழவில்லை, ஆனால் இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருந்தால் விழுந்திருக்கும் என்றார். ஆறு வாரம் ஓட்டம் கூடாது. ஜனவரி ஓட்டத்துக்குக் கட்டிய பணமும் வந்த நம்பர் அட்டையும் அலமாரியிலேயே இருந்தன. அன்று வண்டியில் வீடு திரும்பும்போது அழுதேன். வலிக்காக இல்லை. உடம்பு சொன்னதைக் கேட்டு எழுதி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனேனே என்றுதான்.

மறு வருடம் ஆகஸ்டில் புது நோட்டுப் போட்டபோது, தூரத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். முதல் கட்டம், எழுந்ததும் படுக்கையிலேயே பார்க்கும் நாடித்துடிப்பு. இரண்டாவது, தூங்கிய மணி. மூன்றாவது, வலி: எந்த இடம், எப்போது வந்தது, எப்போது போனது. நான்காவது, அன்றைய ஓட்டம் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண். அதற்கப்புறம்தான் தூரமும் நேரமும்.

இந்தக் கஷ்ட மதிப்பெண் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் படும் சிரமத்தை நாமே எண்ணால் சொல்லும் முறையை ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் கொண்டுவந்தார். அவருடைய அளவு 6-லிருந்து 20 வரை போகும். எனக்குப் பத்துதான் வசதி. ஓடிய நிமிடத்தை இந்த மதிப்பெண்ணால் பெருக்கினால் அன்றைய சுமை வரும். 40 நிமிடம், கஷ்டம் 3 என்றால் 120. ஏழு நாளையும் கூட்டினால் வாரச் சுமை.

அக்டோபரில் ஒரு வாரம் என் கணக்கு 1130. அடுத்த வாரம் பாலத்தில் சந்தித்த இளவட்டங்களோடு சேர்ந்து ஓடினேன், பேசிக்கொண்டே, உற்சாகமாக. இரண்டு வாரமும் 33 கிலோமீட்டர்தான். பழைய டைரியாக இருந்தால் இரண்டும் ஒன்று என்றுதான் சொல்லியிருக்கும். ஞாயிறு இரவு பெருக்கிப் பார்த்தால் 1530! மெதுவாக ஓட வேண்டிய நாளெல்லாம் கஷ்டம் 6 என்று இருந்தது. மறுவாரம் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் தனியாக, மெதுவாக ஓடினேன்.

துடிப்புக் கட்டம் இன்னொரு விதத்தில் காப்பாற்றியது. எனக்கு வழக்கமாக 62, 63 இருக்கும். டிசம்பரில் ஒரு காலை 71. பக்கத்தில் "தூக்கம் 5 மணி, தொண்டை கரகரப்பு" என்று எழுதினேன். அன்று வேக ஓட்டம் இருந்தது, போகவில்லை. மறுநாள் காய்ச்சல் வந்துவிட்டது. வேக ஓட்டமும் ஓடியிருந்தால் படுத்த படுக்கையாகியிருப்பேன் என்பது என் எண்ணம்.

பெண்கள் படிக்கிறீர்கள் என்றால் இதையும் சொல்கிறேன். மாதவிலக்கு நாட்களை ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துக் குறித்தேன். மூன்று மாதம் ஆனதும் ஒன்று புரிந்தது. விலக்கு வருவதற்கு முந்தைய சில நாட்கள் துடிப்பு நாலைந்து கூடுகிறது, அதே வேகம் கூடுதல் கஷ்டமாகத் தெரிகிறது. அதற்கு முன்பெல்லாம் அந்த நாட்களில் "சோம்பேறித்தனம்" என்று எழுதி என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பழைய டைரியில் அந்த வார்த்தை ஒன்பது இடத்தில் இருக்கிறது. இப்போது வேக ஓட்டத்தை அந்த நாட்களில் வைப்பதே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் ஞாயிறு இரவு. சாப்பிட்டுப் பாத்திரம் ஒழித்ததும் பத்து நிமிடம் அந்த வாரத்தைப் படிப்பேன். எழுதுவதில்லை, படிப்பது மட்டும். ஒரே இடத்தின் பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

சென்னையில் ஜனவரி ஓட்டம். அதற்கு மூன்று வாரம் முன்னால் 10 கிலோமீட்டரை 65 நிமிடத்தில் ஓடியிருந்தேன். பீட்டர் ரீகல் என்பவர் 1977-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு தூரத்தில் எடுத்த நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தைக் கணிப்பது. அதன்படி எனக்கு 2 மணி 23 நிமிடம் வந்தது. ஓடி முடித்தது 2 மணி 27 நிமிடத்தில். கடற்கரைக் காற்றின் ஈரம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லை, பதினைந்தாவது கிலோமீட்டரிலேயே பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போலிருந்தது. ஆனால் காலில் ஒரு சுருக் வலியும் இல்லை. முடிந்ததும் முதலில் குனிந்து அந்த முன்னெலும்பைத்தான் தடவிப் பார்த்தேன்.

* * *

மதுரையிலிருந்து எழுதுகிறேன், வயது 52. சகோதரி எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நான் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறவன். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். பதினேழு சுற்று ஓடினால் அரை மாரத்தான் ஆகிவிடும். ஆரம்பத்தில் கடிகாரம் கிடையாது. பையில் பதினேழு புளியங்கொட்டை போட்டுக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாக மண்டபத்துக்கு எதிரே வரும்போது எறிவேன். வீட்டுக்கு வந்து காலண்டரில் எண்ணிக்கையை எழுதுவேன். அப்புறம் மகன் போனில் ஆப் போட்டுக் கொடுத்தான். அதில் தொடர்ந்து ஓடிய நாட்களை எண்ணிக் காட்டும். அந்த எண்ணில்தான் மாட்டிக்கொண்டேன்.

143 நாள் விடாமல் ஓடினேன். 144-ம் நாள் 101 டிகிரி காய்ச்சல். எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடுமே என்று போர்வையை விலக்கிவிட்டு எழுந்து ஒரே ஒரு சுற்று ஓடினேன். அடுத்த நாளும் ஓடினேன். மூன்றாம் நாள் மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சலோடு ஓடினால் இதயத்தசையே வீங்கக்கூடும் என்று டாக்டர் சொன்னார். அங்கே இருந்த நாலு நாளும் மனைவி என்னோடு பேசவில்லை.

இங்கிலாந்தின் ரான் ஹில் 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை ஒரு நாள்கூட விடாமல் ஓடியவர், 52 வருடத்துக்கு மேல். அவர் கதையைப் படித்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. அவரே கடைசியில் ஓடும்போது நெஞ்சு வலி வந்து, மறுநாள் நிறுத்திவிட்டார். அந்தப் பகுதியை நான் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டுதான் படித்தேன்.

இப்போது மறுபடி காலண்டர்தான். ஓய்வு நாளை வெறுமையாக விடுவதில்லை. "ஓய்வு" என்று நீல மையில் எழுதி, ஓட்டத்துக்குப் போடும் அதே டிக்கைப் போடுகிறேன். வாரத்துக்கு ஏழு டிக், அதில் இரண்டு ஓய்வு. சகோதரியிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஒரே இடம் இரண்டு முறை வந்தால் என்ன செய்வீர்கள்?

* * *

கோயம்புத்தூர், 27 வயது. நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ரேஸ்கோர்ஸில் குழுவாக ஓடுகிறோம். குறிப்பை ஷீட்டில் போடுவோம், கோச் பார்ப்பார். இரண்டு மாதம் கழித்து அவர் என் வேகக் கட்டத்தை மட்டும் அச்செடுத்து நீட்டினார். ஒரு கிலோமீட்டருக்கு மெதுவான நாள் 6 நிமிடம் 10 விநாடி (6:10), வேகமான நாள் 5:55, நீண்ட ஓட்டம் 6:05. "எல்லா நாளும் ஒரே ஓட்டத்தைத்தான் ஓடியிருக்கீங்க தம்பி" என்றார். மெதுவான நாளை 7:00-க்குத் தள்ளினேன், முதலில் வெட்கமாக இருந்தது, நடைப்பயிற்சித் தாத்தாக்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் வேகமான நாள் தானாக 5:25-க்கு வந்தது.

ஷூ வாங்கிய தேதியையும் அதில் ஓடிய தூரத்தையும் எழுதுங்கள். எனக்கு முழங்கால் முணுமுணுத்தபோது பார்த்தால், அந்த ஷூ 800 கிலோமீட்டர் தாண்டியிருந்தது.

காகிதமா போனா என்றால், கோச் காகிதம் பக்கம்தான். வியன்னாவில் 2019-ல் மாரத்தான் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிய எலியட் கிப்சோகே பல வருடமாக நோட்டில் கையால்தான் எழுதுகிறார் என்பார். நானும் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன் அக்கா.

* * *

ஸ்ரீரங்கம்தான் மறுபடியும். மதுரை அண்ணாவுக்கு: நீங்கள் இப்போது நலமாக ஓடுவது கேட்டு நிம்மதி. என் வழக்கம் இதுதான். ஒரே இடம் வாரத்தில் இரண்டு முறை வந்தால், அடுத்த ஓட்டத்துக்குப் பதிலாகச் சைக்கிள் அல்லது நடை. நடக்கும்போதும் தெரிந்தால் மூன்று நாள் முழு ஓய்வு. அதற்கப்புறமும் மூன்றாம் முறை அந்தப் பெயர் வந்தால், நோட்டைத் தூக்கிக்கொண்டு பிசியோவிடம் போய்விடுவேன். இது எனக்கு அவர் சொல்லிக் கொடுத்த அளவு, உங்களுக்கு வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பின் மேல் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால் மட்டும் இரண்டாம் முறை வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இந்த வாரம் "இடது குதிகால், காலையில் முதல் நாலைந்து அடி" என்று செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறேன். ஒரு முறைதான் வந்திருக்கிறது. நாளை ஞாயிறு, 9 கிலோமீட்டர். ஓடிவிட்டு வந்து அந்தக் கட்டத்தில் என்ன எழுதினேன் என்று சொல்கிறேன்.