புதுப்பிப்பு: 'தலையணை' என்ற மாவீரன், பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: நான் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு) சோகமான கதை, அதில் ஒருவர் தன் வீரனுக்குத் 'தலையணை' என்று பெயர் வைத்ததால் அரசன் சாகும் காட்சியில்கூட எல்லோரும் சிரிக்கிறார்கள், என்ன செய்வது என்று. பதில் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி.

முதலில் பெயரை மாற்றச் சொன்னேன், அவர் முகம் வாடிவிட்டது, விட்டுவிட்டேன். அப்புறம் பெயருக்குக் கதைக்குள்ளேயே காரணம் கொடுக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. எரிகிற ஊரிலிருந்து தலையணை உறைக்குள் வைத்துக் காப்பாற்றப்பட்ட குழந்தை என்று அவரே எழுதி வந்து வாசித்தார், மேசையில் சத்தமே இல்லை. எதிர்பாராதது, அடுத்த வாரம் மற்ற மூவரும் தங்கள் பெயர்களுக்குக் கதை எழுதி வந்தார்கள்.

இந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற மந்திரவாதி டிராமிஜ்கூட ஆட்ட வடிவமைப்பாளர் ஜிம் வார்ட் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து திருப்பிப் போட்டதுதான் என்று ஒருவர் சொன்னது எனக்குப் பெரிய தைரியம் தந்தது.