பிளஸ் ஒன், தமிழ் வழி: நீட்டுக்கும் பொதுத்தேர்வுக்கும் சேர்த்துப் படிப்பது எப்படி?

சேலத்து அப்பா:
மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், தமிழ் வழி, உயிரியல்-கணக்கு பிரிவு. நீட் எழுதணும்னு ஆசை. மருத்துவம் கிடைக்கலைன்னா பொறியியல். வீட்டில் தினமும் மூன்றரை மணி நேரம் படிக்கலாம். மாநிலப் பாடப்புத்தகம் மட்டும் போதுமா, மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் வேணுமா? பொறியியல் நுழைவுத்தேர்வான ஜே.இ.இ.க்கும் சேர்த்தே படிக்கணுமா?

இயற்பியல் வாத்தியார்:
ஜே.இ.இ.யை விட்டுடுங்க சார். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கு கட்-ஆஃப் போடுவாங்க. என்.ஐ.டி., ஐ.ஐ.டி.தான் வேணும்னா அது வேற பேச்சு.

நீட் தாளில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் அந்த வருஷத்தை மேலோட்டமா ஓட்டிடலாம்னு பிள்ளைகளுக்குத் தோணும். அடி விழறது அங்கேதான். மோல் கணக்கு கைவராம பிளஸ் டூவில் மின் வேதியியல் ஓடாது. வெக்டரும் இயக்க விதிகளும் இல்லாம நிலைமின்னியலில் ஒரு கணக்கும் நகராது.

மூன்றரை மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: இயற்பியல் 60 நிமிடம், வேதியியல் 45, உயிரியல் 60, கணக்கும் வீட்டுப்பாடமும் 45. இயற்பியலை முதலில் வைங்க. தூக்கம் கண்ணைக் கட்டும் நேரத்தில் கணக்கு ஏறாது. அந்த 60 நிமிடத்திலும் பாடம் வாசிக்க 20 போதும், மீதி 40 கணக்குப் போடத்தான். கால்குலேட்டர் அனுமதி இல்லை, பெருக்கல் வகுத்தல் எல்லாம் கையாலதான்.

தாவரவியல் டீச்சர்:
புத்தகம் பற்றி மட்டும் சொல்றேன். உயிரியலுக்கு என்.சி.இ.ஆர்.டி. கட்டாயம் வேணும். கேள்வி பெரும்பாலும் அதன் வரிகளையும் படங்களையும் ஒட்டியே வரும். மாநிலப் புத்தகத்தில் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு, அதே பாடத்தை என்.சி.இ.ஆர்.டி.யில் வாசிக்கணும். நம்ம புத்தகத்தில் இல்லாததை நம்ம புத்தகத்து ஓரத்திலேயே எழுதி வெச்சா, கடைசியில் திருப்பிப் பார்க்க ஒரே புத்தகம் போதும். தனியா நோட்டுப் போட ஆரம்பிச்சா அது முடியவே முடியாது.

தமிழ் வழி என்பதால் ஒவ்வொரு கலைச்சொல்லுக்குப் பக்கத்திலும் ஆங்கிலச் சொல்லை எழுதட்டும். விண்ணப்பத்தில் தமிழ் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் இரண்டு மொழியும் இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தா ஆங்கிலத்தில் உள்ளதே இறுதி.

நம்ம புத்தகத்தில் இருந்தும் நீட்டுக்கு வேண்டாத பாடங்களும் உண்டு. பிளஸ் டூ வேதியியலில் உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் நாலும் பொதுத்தேர்வுக்கு உண்டு, நீட் பாடத்திட்டத்தில் 2024 முதல் இல்லை. பழைய நீட் தாள் போடும்போது அந்தக் கேள்விகளை அடிச்சுட்டு மீதிக்கு மட்டும் மார்க் போடுங்க.

ஓ.எம்.ஆர். கறுப்புப் பேனா:
நீட்டில் 2025 முதல் 180 கேள்வி, 180 நிமிடம், சாய்ஸ் கிடையாது. உயிரியல் 90, மற்ற இரண்டும் 45, 45. உயிரியலை 50 நிமிடத்தில் முடிச்சாதான் வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 கிடைக்கும். மீதி 15 நிமிடம் விடைத்தாளில் வட்டம் நிரப்ப, ஆனா அதைக் கடைசிக்கு வைக்காதீங்க. எல்லா விடையும் போட்ட பிறகு மொத்தமா நிரப்பினா ஒரு வரிசை மாறினாலும் கீழே உள்ளது அத்தனையும் போச்சு. பேனாவில் நிரப்பினதை அழிக்கவும் முடியாது. பக்கம் திருப்பறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்து வட்டங்களை நிரப்பற பழக்கம் இப்பவே வரட்டும்.

தெரியாத கேள்வியைத் தொடவே கூடாதுன்னு பயமுறுத்துவாங்க. சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நாலு விடையில் இரண்டை நிச்சயமா ஒதுக்க முடிஞ்சா மிச்ச இரண்டில் ஒண்ணைப் போடறது லாபம்: சராசரியா இரண்டு கேள்விக்கு 3 மார்க் வரும். ஒண்ணையும் ஒதுக்க முடியலைன்னா நாலு கேள்விக்குச் சராசரி 1 மார்க்தான், அதுக்காக நேரம் செலவழிக்காதீங்க.

பிளஸ் ஒன்னில் வாரம் ஒரு தேர்வு, 45 கேள்வி, 45 நிமிடம். தவறினதை மூணா பிரிக்கணும்: பாடம் தெரியல, கேள்வியைத் தப்பா வாசிச்சது, கணக்குப் பிழை. முதல் வகைக்கு மட்டும்தான் மறுபடி புத்தகம். பொதுத்தேர்வு முடிஞ்சதும் முழுத் தேர்வுகளை மதியம் 2 முதல் 5 வரை வைங்க, நிஜத் தேர்வும் அதே நேரம்தான்.

சேலத்து அப்பா:
ரொம்ப நன்றிங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் இருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் உண்டா?

இயற்பியல் வாத்தியார்:
உண்டு சார். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். நடுவில் பள்ளி மாறியிருந்தா ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றை இப்பவே வாங்கி வைங்க. ரிசல்ட் வந்த பிறகு அலைஞ்சா நேரம் பத்தாது.