பகிர்பாடு: கடற்காற்றாலைகளுக்கு நடுவே மீன்பிடித்தலுக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கடற்காற்றாலைத் தொகுதிக்குள் மீன்பிடித்தல் போன்ற வேறு தொழிலுக்கும் இடமளிப்பதை ஆங்கிலத்தில் 'கோ-லொகேஷன்' (co-location) என்கிறார்கள். நம் அகராதிக்காக அதற்கு முந்தைய மடலில் முன்வைக்கப்பட்ட 'இணைவாழ்வு' செவிக்கு இனியதுதான். ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அச்சொல்லைக் கேட்டவுடன் ஒன்றையொன்று சார்ந்து வாழும் இரண்டு உயிர்களே நினைவுக்கு வருகின்றன. காற்றாலையும் மீனவரும் அவ்வாறு வாழவில்லை. ஒரே கடற்பரப்பில் யாருக்கு எவ்வளவு உரிமை என்பதே இங்குள்ள கேள்வி. அதைச் சொல்லே மூடிவிடக் கூடாது.

நெதர்லாந்து 2018 மே 1 முதல் சில காற்றாலைத் தொகுதிகளுக்குள் 24 மீட்டர் வரை நீளமுள்ள கலங்கள் பகலில் கடந்து செல்ல இசைவு தந்தது. தூண்டில் போடலாம், ஆனால் கடலடியை வாரும் இழுவலைக்குத் தடை. பிரிட்டனில் கட்டுமானம் முடிந்தபின் மீன்பிடிக்கப் பொதுவான சட்டத்தடை இல்லை என்றாலும், இழுவைப்படகுகள் பல உள்ளே போவதில்லை. காரணம் கருவியிலேயே இருக்கிறது. இழுவலை படகுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள கம்பிவடத்தின் முனையில் வருவதால், படகு திரும்பியவுடன் வலை திரும்புவதில்லை; நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது; வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் கனத்த பலகை கடலடி மின்வடத்தில் மாட்டினால் வலையோடு படகுக்கும் ஆபத்து. கூடு வைத்து நண்டு பிடிப்பவருக்கு இந்த இடர் மிகக் குறைவு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கடலில் ஐந்து காற்றாலை நிறுவனங்கள் 2019இல் ஒரு கடல்மைல் இடைவெளியில் காற்றாலைகளைக் கிழக்கு மேற்கு வரிசைகளாக நிறுத்த ஒப்புக்கொண்டபோதும், அது போதாது என்றே இழுவலைக்காரர்கள் வாதிட்டார்கள்.

ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். கடந்து செல்ல மட்டுமே உரிமையுள்ள இடத்தை 'ஊடுவழி' என்போம். வலையோ கூடோ இறக்கலாம் என்றால், அதற்கு நான் முன்வைப்பது 'பகிர்பாடு'.

'பாடு' கரையோரத்தில் இன்றும் உயிருடன் இருக்கும் சொல். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த முறையில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி வகுக்கும் ஏற்பாட்டுக்குப் பாடு என்றே பெயர். இலங்கையில் கரைவலை இழுக்கும் கரையையும் அதை ஒட்டிய நீரையும் கரைவலைப்பாடு என்கிறார்கள். இடமும் உரிமையும் முறையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்க, வேறு சொல்லை ஏன் தேட வேண்டும்? 'பகிர்பாடு' வினைத்தொகையாதலால் முன்பு பகிர்ந்ததையும் இனிப் பகிரப்போவதையும் சேர்த்தே சுட்டும். பகிர்பாட்டுப் பகுதி, பகிர்பாட்டு விதி என இயல்பாக விரியும். 'உடன்பாடு' ஒப்பந்தம் என்ற பொருளில் நிலைத்துவிட்டதால் அதைத் தொட வேண்டாம். பாடு என்றால் துன்பம் என்ற பொருளும் உண்டே எனச் சிலர் கேட்கக்கூடும். பயன்பாடு, ஒருமைப்பாடு ஆகிய சொற்களில் அந்தப் பொருள் குறுக்கிடுவதில்லை.

இதில் நான் அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட் என 1,000 மெகாவாட் கடற்காற்றாலைகளுக்கு உதவும் 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தமிழில் வாசிக்கப்படும் தாளில் 'இணைவாழ்வு' என்றிருந்தால், அங்கே வலை போடலாமா கூடாதா என்பது கேட்டிருக்கும் மீனவருக்கு விளங்காது. 'பகிர்பாடு' என்றிருந்தால், எந்த வலைக்கு, எந்த மாதத்தில், எத்தனை பாகத் (இரு கை விரித்த அளவு ஒரு பாகம்) தொலைவில் என்று அவரே எழுந்து கேட்பார். நம் அகராதிப் பதிவின் விளக்கத்திலும் இந்த மூன்றையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.