விறகுக்குள் கிடைத்த பாம்புச் சட்டை, எந்தப் பாம்பு?

நண்பர்களே, நேற்று விறகு எடுக்கும்போது ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது. இரண்டரை முழம் இருக்கும். கண்மேல் இருந்த செதில்கூடக் கண்ணாடிச் சில்லு மாதிரி அப்படியே ஒட்டியிருக்கிறது. சாரை என்றால் விட்டுவிடலாம், எலியாவது குறையும். ஆனால் முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கின்றன. கட்டுவிரியனுக்கு அப்படித்தானே இருக்கும்? அது ராத்திரியில் நடமாடும், கடித்தாலும் அவ்வளவாக வலிக்காது. தரையில் படுக்கும் அப்பத்தாவை ஒருவழியாகக் கட்டிலுக்கு மாற்றி, கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிவிட்டோம்.

பூண்டுத் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு மாமா. எனக்கு நம்பிக்கையில்லை. சட்டையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியுமா? விறகைப் பகலில் கலைக்கலாமா? கிருஷ்ணகிரிப் பக்கம் பாம்பு பிடிப்பவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.