கோகாகு பேரரசர்: அப்பாவுக்குப் பட்டம் கேட்டதில் என்ன தப்பு?

கேள்வி – மாடப்புறா
ஜப்பானின் 119ஆவது பேரரசர் கோகாகு, தன் அப்பாவுக்கு 'தாய்ஜோ தென்னோ', அதாவது பதவி துறந்த பேரரசர் என்ற பட்டம் கொடுக்க நினைத்தாராம். எடோவிலிருந்த (இன்றைய டோக்கியோ) ஷோகன் அரசு, அதாவது நிஜ அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த படைத்தலைவரின் அரசு, மறுத்துவிட்டதாம். வெறும் பட்டம்தானே? இதற்குப் போய் ஏன் அவ்வளவு ரகளை?

பதில் – ஓலைக்கட்டு
எல்லாம் யார் எங்கே உட்காருவது என்பதில் தொடங்கியது. 1615இல் ஷோகன் அரசு, கியோத்தோவிலிருந்த பேரரசரின் அரசவைக்கு 17 விதிகள் போட்டது. முதல் விதி, பேரரசருக்குக் கல்வியும் கலையும்தான் வேலை என்கிறது. வில்லங்கம் இரண்டாவதில்: மூன்று பெரிய அமைச்சர்களுக்குக் கீழேதான் இளவரசர்களுக்கு இடம்.

கோகாகு நேர் வாரிசு அல்ல. 1779இல் கோ-மோமோசோனோ ஆண் வாரிசின்றி இறந்ததும், கானின் என்ற கிளைக் குடும்பத்திலிருந்து 8 வயதுப் பையனைத் தத்தெடுத்து அரியணை ஏற்றினார்கள். பெற்ற அப்பா சுகெஹிதோ இளவரசராகவே நின்றுவிட்டார். மகன் அரியணையில், அப்பா அமைச்சர்களுக்கும் கீழே! 1615 விதியைத் தொட முடியாது. பட்டம் கொடுத்தால் அப்பா அந்த வரிசையை விட்டே மேலே போய்விடுவார்.

அரசவை சும்மா கேட்கவில்லை. அரியணை ஏறாத தந்தையருக்கு 1221லும் 1447லும் இதே பட்டம் கிடைத்ததை எடுத்துக்காட்டியது. ஷோகனின் தலைமை ஆலோசகர் மட்சுதைரா சதனொபு, அவை குழப்பமான காலத்து முடிவுகள், முன்னுதாரணம் ஆகாது என்று தள்ளிவிட்டார். 1793இல் இந்த விவகாரத்துக்காக நகயாமா நருச்சிகா, ஓகிமாச்சி கின்அகி என்ற இரு அரசவைப் பிரபுக்களை எடோவுக்கு வரவழைத்து வீட்டுக்காவல் விதித்தார்கள். அரசவை அவர்களின் பதவியைப் பறித்த பிறகு தண்டிப்பதுதான் வழக்கம். சதனொபு அதற்குக் காத்திருக்கவில்லை. உண்மையான அடி அதுதான் என்பேன்.

பதில் – நெல்மணி
எடோ பக்கமும் ஒரு அப்பா இருந்தார். ஷோகன் இயெனாரியும் வேறு வீட்டிலிருந்து வந்தவர். பெற்ற தந்தைக்கு 'ஓகோஷோ', அதாவது ஓய்வுபெற்ற ஷோகன் என்ற பட்டம் கேட்டார். கியோத்தோவுக்குச் சரி என்றால் இங்கும் சரி என்றாக வேண்டும். சதனொபு இரண்டுக்கும் கையை விரித்தார். 1793லேயே அவர் பதவியும் போனது.

'சடங்குப் பேரரசர்' என்று கோகாகுவை லேசாக எடைபோடவும் வேண்டாம். 1787 பஞ்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக அரண்மனை மதிலைச் சுற்றிவந்து வேண்டினார்கள், கோயிலை வலம்வருவது போல. முன்னாள் பேரரசி கோ-சகுராமாச்சி ஆளுக்கொரு ஆப்பிளாக 30,000 பழங்கள் கொடுக்க வைத்தார். கோகாகு, அரிசி கொடுத்து உதவ முடியுமா என்று ஷோகன் அரசிடம் கேட்க வைத்தார். அரசியலில் வாய் திறக்காத அரண்மனைக்கு அது பெரிய மீறல். ஆனால் அரிசி வந்தது.

பதில் – ஓலைக்கட்டு
பேரரசர்களின் பட்டியல் பார்ப்பவர்களுக்கு ஒன்று. அக்காலத்தில் இறந்த பேரரசர்களின் பெயருக்குப் பின்னால் 'தென்னோ' (பேரரசர்) வராது, 'இன்' என்ற பின்னொட்டுதான். 1840இல் மறைந்த கோகாகுவுக்குத்தான் பல நூற்றாண்டுகளுக்குப் பின் 'தென்னோ' திரும்பியது. இப்போது எல்லாப் பெயரிலும் 'தென்னோ' தெரிவது 1925இல் செய்த திருத்தம்.

மாடப்புறா
அப்பாவுக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லையா?

பதில் – நெல்மணி
1794இல் இளவரசராகவே இறந்தார். ஷோகன் ஆட்சி ஒழிந்தபின் வந்த மெய்ஜி அரசு 1884இல் அந்தப் பட்டத்தைக் கொடுத்தது.